தட்டச்சு தெரியாத பெண் தேவை

அந்த மாடிப்படியின் கீழே தையல்நாயகி வந்து நின்றபோது மணி நாலரை இருக்கும். ஜூன் மாதத்து வெயில் இன்னும் இறங்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கீழே சைக்கிள் கடையும் மேலே ஒரு மாடியுமாக நின்ற பழைய கட்டடம் அது. மேலேயிருந்து டைப்ரைட்டர்களின் சத்தம் படிவழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. படியில் வெளிச்சம் குறைவு. மெஷின் எண்ணெய் வாசனையும் பூட்டி வைத்த பீரோவின் வாசனையும் கலந்து அடித்தன.

காலையிலிருந்து அவள் ஏறி இறங்காத கடை இல்லை. ஜெராக்ஸ் கடை, மருந்துக்கடை, ஃபேன்சி ஸ்டோர், துணிக்கடை என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தாய்? ப்ளஸ் டூ முடித்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண் எங்கே போய் வேலை பார்த்திருப்பாள்? யாராவது முதல் வேலை கொடுத்தால்தானே இரண்டாவது ஆள் கேட்கும்போது பதில் சொல்ல முடியும் என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டே விட்டாள். அவர் சிரித்தார். வாய் நன்றாகத்தான் பேசுகிறாய், வேறு இடம் பார் என்று அனுப்பிவிட்டார்.

அவளுக்கு வேலை கிடைத்தே ஆக வேண்டும். அவள் அம்மா பொன்னியம்மாள் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்கிறவள். புருஷன் போய் ஆறு வருஷம். மகளைக் காலேஜில் சேர்க்க ஒப்புக்கொண்டாள், ஆனால் கறாராக ஒரு நிபந்தனை போட்டாள். காலையில் காலேஜ் போ, சாயங்காலம் ஒரு வேலைக்குப் போ. வேலை இல்லை என்றால் காலேஜும் இல்லை, நாளையிலிருந்து என்னோடு தோல் தேய்க்கக் கிளம்பு. பொன்னியம்மாள் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை என்பது இரும்புலியூரில் அவர்கள் தெருவுக்கே தெரியும்.

படிச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. கறுப்பு மையில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"மாலை நேர உதவிக்குப் பெண் தேவை. தட்டச்சு அறவே தெரியாதவராக இருக்க வேண்டும்."

தையல்நாயகி இரண்டு தடவை படித்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டைப் தெரியாத ஆள் எதற்கு? எழுதினவர் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டாரா? ஊரெல்லாம் தெரிந்த ஆளைக் கேட்கும்போது இவர் மட்டும் தெரியாத ஆளைக் கேட்கிறார் என்றால், ஒன்று பைத்தியக்காரராக இருக்க வேண்டும், அல்லது விவகாரம் பிடித்தவராக இருக்க வேண்டும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டேதான் படியேறினாள். அன்றைக்கு அவள் இருந்த நிலையில் இரண்டில் எதுவாக இருந்தாலும் பேசிப் பார்க்கத் தயாராக இருந்தாள்.

இன்ஸ்டிடியூட்டை நடத்தியவர் எட்மண்ட். எல்லோருக்கும் எட்மண்ட் மாஸ்டர். அறுபதை ஒட்டிய வயது, சலவை செய்த வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். அவர் அவள் மார்க் ஷீட்டைப் பார்க்கவில்லை. கையை நீட்டச் சொன்னார். தொடாமல், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பத்து விரல்களையும் உற்றுப் பார்த்தார். எப்போதாவது டைப் அடித்திருக்கிறாயா, விளையாட்டுக்காகவாவது, என்று கேட்டார். இல்லை என்றாள். நிஜமாகவா என்று மறுபடி கேட்டார். இதுவரை உண்மையைச் சொல்லி வேலையைக் கோட்டைவிட்டவளுக்கு அந்த உண்மையாலேயே வேலை கிடைத்தது.

ஒரு பாரத்தை எடுத்து வைத்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். மேலே எதுவும் நிரப்பியிருக்கவில்லை. தையல்நாயகி போட்டுவிட்டாள், கேட்டபடி மார்க் ஷீட் ஜெராக்ஸ் ஒன்றையும் கொடுத்தாள். இன்ஸ்டிடியூட்டில் எல்லோரும் அப்படித்தான். குறி போட்ட இடத்தில் நீ கையெழுத்துப் போடு, மிச்சத்தை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் ஆபீசிலும் அதைத்தானே பழகியிருக்கிறோம்.

வேலை இதுதான். நாலரைக்கு வந்து மெஷின்களைத் துடைக்க வேண்டும். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து எழுத்துகளில் அடைந்த மையை எடுக்க வேண்டும். ஐந்திலிருந்து ஆறு வரை, ஜன்னலோரம் இருக்கும் ஒன்பதாம் நம்பர் மெஷினில் உட்கார வேண்டும்.

"உக்காந்து என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. விரல வெச்சிரு. அழுத்தாத. கீயப் பாக்காத, பேப்பரையும் பாக்காத. வலப்பக்கம் புஸ்தகம் இருக்கும், அதப் பாத்துக்கிட்டு இரு."

எட்டு மெஷின்கள் சுவரைப் பார்த்து வரிசையாக இருந்தன. ஒன்பதாவது மட்டும் தனியாக, ஜன்னலைப் பார்த்து. அதற்கு மட்டும் பூத்தையல் போட்ட துணி உறை. மாஸ்டர் உறையை எடுத்து நான்காக மடித்து வைத்தார். ரோலரில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகினார். நடுவரிசையில் எந்த விரல் எங்கே என்று காற்றில் தன் கையை வைத்துக் காட்டினார். அவள் உட்கார்ந்ததும் மற்ற எட்டு மெஷின்களும் ஒரு கணம் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மறுபடி ஆரம்பித்தன.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டில் சொன்னபோது பொன்னியம்மாள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சும்மா குந்திகினு இருக்கிறதுக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்? எதுனா வெவகாரம் கீது."

மறுநாள் மகளின் தாவணியில் பெரிய ஊக்கு ஒன்றைக் குத்தி அனுப்பினாள். பஸ்ஸில் இடிக்கிறவனுக்கும் அதுதான் மருந்து, எட்மண்ட் மாஸ்டருக்கும் அதுதான் மருந்து என்பது அவள் கணக்கு. மூன்றாம் நாள் கம்பெனிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வந்து, வாசலில் நின்று முழுசாக ஒரு மணி நேரம் பார்த்தாள். மாஸ்டர் தையல்நாயகிக்கு ஆறடி தள்ளியே நின்றார். பொன்னியம்மாளுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதனால் அவளுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. அந்தாளு உன்னைப் பாக்கல, உனக்குப் பின்னால எதையோ பாத்துகினே நிக்கிறான் என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அது நிஜம் என்று தையல்நாயகிக்கு நாலாம் நாள் தெரிந்தது.

அன்று அவள் வழக்கம்போல விரல்களை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தாள். ஏதோ கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு எழுதிய இங்கிலீஷ் கடிதம். முதல் வரியைப் படித்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு மாஸ்டர் மணி ஆறு என்று சொல்வது கேட்டது. நடுவில் ஒரு மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. தூங்கிவிட்டோமோ என்று பயந்து நிமிர்ந்தாள்.

ரோலரில் இருந்த தாள் நிறைந்திருந்தது.

மேல் ஓரம், பக்க ஓரம், பத்தி, இடைவெளி எல்லாம் அளவாக. அவளுடைய விரல்நுனிகள் சிவந்து வலித்தன. மாஸ்டர் தாளை உருவி, சிவப்பு மைப் பேனாவால் இரண்டு இடங்களில் வட்டம் போட்டார்.

"பரவாயில்ல. நேத்தைக்கு இன்னைக்குத் தப்பு நல்லாவே கம்மி."

நேற்று என்ன அடித்தோம் என்று தையல்நாயகி குழம்பினாள். பிறகுதான் பார்த்தாள். அவர் கண் அவள் முகத்தில் இல்லை. அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, உட்கார்ந்திருப்பவளுக்குப் பின்னால் யாராவது நின்றால் முகம் இருக்கும் இடத்தில் இருந்தது. அந்த இடத்தைப் பார்த்து அவர் சிரித்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மட்டும் இருந்தது.

அன்றே வேலையை விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் காலேஜ் திறக்கிறது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம் என்று முடிவு செய்தாள். பதினேழு வயதில் ஒரு மாதம் எல்லாம் ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. புதுப் பையும் புது நோட்டுமாகக் காலேஜுக்குப் போனாள், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள். முதல் வாரம் அது தூக்கம் மாதிரி வந்தது. இரண்டாவது வாரம் விழித்திருக்கும்போதே வந்தது.

விரல்கள் தானாக இறங்கின.

வலிக்கவில்லை. முரட்டுத்தனமும் இல்லை. சிறு குழந்தைக்குக் கை பிடித்து எழுத்து எழுதப் பழக்குவோமே, அப்படித்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ குனிந்து, இரண்டு பக்கமும் கையைக் கொண்டுவந்து, அவள் விரல்களைத் தன் விரல்களால் அழுத்தினார்கள். வலது காதோரம் ஒரு மூச்சு வந்தது. வரி முடிந்து மணி அடிக்கும்போது மட்டும் அந்த மூச்சு ஒரு நொடி நின்றது.

அவள் கத்தவில்லை. கத்தினால் வேலை போய்விடும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. பிற்பாடு நினைத்தபோது, மூச்சைவிட அந்த எண்ணம்தான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அந்த பேட்சில் ஞானஜோதி என்று ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். சேலையூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஹையர் பரீட்சைக்காகப் பழகுகிறவள். ஒரு சாயங்காலம் படியிறங்கும்போது தையல்நாயகி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அக்கா, அந்த மெஷின் யாருடையது என்று கேட்டாள். ஞானஜோதி மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, அவளைச் சைக்கிள் கடையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனாள். பிறகு சொன்னாள்.

மாஸ்டருக்கு ஒரே மகள். அமலராணி என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோயர் பரீட்சை எழுத இருந்தாள். டைப்ரைட்டிங் பரீட்சைக்கு அவரவர் பழகிய மெஷினையே ஹாலுக்குக் கொண்டுபோவது வழக்கம். அன்று விடியற்காலையில் மாஸ்டர் எல்லா மெஷின்களையும் மீன்பாடி வண்டியில் ஏற்றி, கூடவே போய், ஹாலில் இறக்கி, ஒவ்வொன்றிலும் ரிப்பன் சரிபார்த்து வைத்தார். மகள் பின்னாலேயே எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருவதாக ஏற்பாடு. மேம்பாலம் ஏறாமல் தண்டவாளத்தைத் தாண்டப் போனாள், ட்ரெயின் வந்துவிட்டது. அங்கே ஹாலில் மணி அடித்தது, எல்லோரும் அடிக்க ஆரம்பித்தார்கள், ஒன்பதாம் நம்பர் மெஷின் முன்னால் ஸ்டூல் காலியாக இருந்தது. மகள் லேட் என்று நினைத்து மாஸ்டர் ஹால் வாசலிலேயே நின்று திட்டிக்கொண்டிருந்தாராம்.

"உனக்கு முன்னாடி ரெண்டு பேர் உக்காந்தாங்க," என்றாள் ஞானஜோதி. "ரெண்டு பேருக்கும் டைப் தெரியும். ஒருத்திக்கு அஞ்சு விரலும் வீங்கிப் போச்சு. இன்னொருத்தி ரெண்டாம் நாளே வரல."

இதையெல்லாம் தெரிந்துகொண்டே நீ ஏன் இங்கே வருகிறாய் என்று தையல்நாயகி கேட்டதற்கு, பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தானே இருக்கிறது, நடுவில் எங்கே போய் மாறுவது என்றாள் ஞானஜோதி. ஒரு மாதம் என்று தானும் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் போலவே இருந்ததால் தையல்நாயகி மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலை கடைசியில் மாஸ்டர் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கொடுத்தார். தையல்நாயகிக்கும் ஒன்று நீட்டினார். லோயர் பரீட்சை. அவள் பெயர், அவள் இனிஷியல், அவள் பிறந்த தேதி. முதல் நாள் பென்சில் குறியில் போட்ட கையெழுத்து எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள். எனக்கு டைப்பே தெரியாது, நான் எதற்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று கேட்டாள்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழகின கை அதுபாட்டுக்கு அடிக்கும்மா. அவளுக்கு எடம் குடுக்காது. ஒண்ணுமே தெரியாத கைதான் அவளுக்கு வேணும். ரெண்டே பேப்பர். அந்தப் பரீட்சைய மட்டும் அவ எழுதிட்டா நிம்மதியாப் போயிடுவா."

"போகலன்னா சார்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சர்டிபிகேட் உன் பெயரில்தான் வரும், நான் ஒன்றும் உன்னை ஏமாற்றவில்லை என்றார். பெற்ற மகளை இழந்த மனுஷன் என்று அவள் மனம் இளகத்தான் செய்தது. கூடவே இன்னொன்றும் அவளுக்குள் ஓடியது. லோயர் பாஸ் என்று ஒரு காகிதம் கையில் இருந்தால் எந்த ஆபீசிலும் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். தையல்நாயகி ஹால் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். ஆசைப்பட்டுத்தான் வைத்தாள். அதை மறைப்பானேன்.

பரீட்சை ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய ஹால். பட்டப்பகல், ஜன்னலெல்லாம் திறந்து வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. முப்பது மெஷின்கள், முப்பது பேர். அவளுக்கு வலப்பக்கத்தில் ரிப்பன் வைத்துப் பின்னிய ஒரு சின்னப் பெண், பதினைந்து பதினாறு வயது, கையைத் துடைத்துத் துடைத்து கர்ச்சீப்பை நனைத்திருந்தாள். தையல்நாயகியைப் பார்த்துச் சிரித்தாள். தையல்நாயகியும் சிரித்தாள். இத்தனை பேர் இருக்கிற இடத்தில், இத்தனை வெளிச்சத்தில் எதுவும் வராது என்றுகூட நினைத்தாள்.

வெளி வராந்தாவில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எட்மண்ட் மாஸ்டர் நின்றார்.

மணி அடித்தது.

முப்பது மெஷின்களும் ஒரே நொடியில் ஆரம்பித்தன. பேசினால் காது கேட்காத சத்தம். அந்தச் சத்தத்துக்குள் அவள் முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது. இரண்டு பக்கமும் கைகள் வந்தன. அவள் விரல்கள் இறங்கின, ஏறின, இறங்கின. இதற்குமுன் இல்லாத வேகம். காதோரத்து மூச்சு வேகமாக, ஓடி வந்தவளின் மூச்சு மாதிரி வந்தது.

மூன்றாவது வரியில் அவளுக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. இது என் கை. என் பெயர். என் ஹால் டிக்கெட்.

பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, இரண்டு கைகளையும் மெஷினிலிருந்து பிடுங்கினாள். மடியில் வைத்து ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள்.

மெஷின் நிற்கவில்லை.

கீகள் தாமாக அமுங்கின. எழுத்துகள் எழுந்து எழுந்து தாளை அடித்தன. வரி முடிந்து மணி அடித்தது. ரோலரைத் தள்ளுகிற பிடி தானாகச் சாய்ந்தது, ரோலர் கிறீச்சென்று வலப்பக்கம் ஓடியது, அடுத்த வரி ஆரம்பித்தது.

வலப்பக்கத்துச் சின்னப் பெண் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். வாய் பிளந்திருந்தது. அவள் பார்வை தையல்நாயகியின் மெஷினில் இருந்தது. பிறகு மெல்ல மேலே ஏறி, தையல்நாயகியின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

ஹாலின் கோடியிலிருந்து சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக நடந்து வர ஆரம்பித்தார்.

தையல்நாயகிக்கு என்னென்னவோ தோன்றியது. ஹாலைவிட்டு வெளியே தள்ளுவார்கள். பேப்பரில் பெயர் வரும். காலேஜில் விசாரிப்பார்கள். அம்மா. தோல் கம்பெனி. இன்னும் நாலு மேஜை. மூன்று. அவள் யோசிக்கவில்லை. மடியிலிருந்து கைகளை எடுத்தாள். யாரும் பார்க்காதபடி அந்த மெஷினை மூடி மறைக்க, விரல்களை விரித்துக் கீகளின் மேல் வைத்தாள்.

விரல்களுக்குக் கீழே கீகள் இல்லை.

விரல்கள் இருந்தன.

குளிர்ந்த, மெலிந்த விரல்கள். நகம், கணு, தோல் எல்லாம் தெரிந்தது. அவள் கைக்கு அடியில் அவை நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தன. சூப்பர்வைசர் வந்து, குனிந்து தாளைப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

வலப்பக்கத்துப் பெண் இடைவேளைக்குப் பிறகு நடந்த இரண்டாவது பேப்பருக்கு வரவே இல்லை.

அதன் பிறகு ஒன்பதாம் நம்பர் மெஷினில் ஒன்றும் நடக்கவில்லை. தையல்நாயகி தினமும் உட்கார்ந்தாள், விரல்களை வைத்தாள், ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை ஒவ்வொரு நிமிடமும் அவளுக்குத் தெரிந்தே போனது. மாஸ்டர் அவளுக்கு முறையாகவே டைப் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவளுக்கு வரவில்லை. கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொள்கிற பெண், இதில் மட்டும் மந்தமாக இருந்தாள். ஒரு வரிக்கு நாலு தப்பு. விரல்கள் எதற்கோ காத்திருப்பதுபோல நடுவரிசையிலேயே கிடந்தன.

மழைக்காலம் தொடங்கியபோது ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. மாஸ்டர் ஒரு ஸ்வீட் பாக்கெட் வாங்கி வைத்திருந்தார். இன்ஸ்டிடியூட்டை மூடப் போவதாகவும், படப்பையில் தங்கை தபீதாள் வீட்டுக்குப் போய்விடப் போவதாகவும் சொன்னார். நாலே மாதத்தில் பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார். போகிற நேரத்தில், மெஷினின் துணி உறையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல ஒன்று சொன்னார்.

"பாஸ் பண்ணிட்டா வேலைக்கு அனுப்புவியாப்பான்னு கேட்டுக்கிட்டே இருப்பா. பொம்பளப் புள்ளைக்கு வேலை எதுக்குன்னுட்டேன். அந்த ஒண்ணுதான் மனசுல கெடக்கு."

தையல்நாயகி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அவள் கவலை. வேலை போயிற்று. பொன்னியம்மாள் ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தாள். வேலை தேடிகினு இரு, கெடைக்கலன்னா திங்கக்கிழமை காலையில எங்கூடக் கெளம்பு என்று சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், கிழக்குத் தாம்பரத்தில் ஸ்ரீரங்கன் என்கிற ஆடிட்டர் வீட்டுக்குப் போனாள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். சாயங்காலத்தில் மூன்று மணி நேரம் டைப்பிஸ்ட் வேலை. சர்டிபிகேட்டைப் பார்த்ததும் ஸ்ரீரங்கன் நாற்காலி போட்டார். ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது. ஒரு பக்கம் அடித்துக் காட்டும்மா, அப்புறம் பேசுவோம் என்று ஒரு கடிதத்தை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அது வேறு மெஷின். புதியது. அமலராணி தொட்டே இருக்காத மெஷின்.

தையல்நாயகி விரல்களை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு எழுத்தை அழுத்தினாள், தப்பு. இன்னொன்றை அழுத்தினாள், அதுவும் தப்பு. ஸ்ரீரங்கன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பதட்டமா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். சர்டிபிகேட் மேஜையில் கிடந்தது. இன்னும் ஒரு நிமிடம் போனால் இது யாருடைய சர்டிபிகேட் என்று கேட்பார். அதற்குப் பிறகு தோல் கம்பெனிதான், ஆயுசுக்கும்.

எந்தக் கையை ஹாலில் அவ்வளவு பாடுபட்டுப் பிடுங்கினாளோ அதே கையைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல், மூச்சுக்குள் கூப்பிட்டாள்.

"அமலா. இந்த ஒரு தடவ வா."

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கோ குக்கர் விசில் போட்டது.

முதுகில் பாரம் சாய்ந்தது.

விரல்கள் பறந்தன. ஸ்ரீரங்கன் முகம் மலர்ந்தது. அப்படிப்போடு என்று சிரித்தார். வரி முடிந்து மணி அடிக்க, அடுத்த வரி, அடுத்த மணி. கடிதம் ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தது.

"போதும்மா," என்றார்.

அவள் நிறுத்தப் பார்த்தாள். கைகளைப் பிடுங்கப் பார்த்தாள். ஹாலில் முடிந்தது இங்கே முடியவில்லை. அன்று அவள் கைக்கு அடியில் இருந்த விரல்கள் இன்று மேலே இருந்தன. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விரலாக, கணுவோடு கணு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தன. அன்று ஓடி வந்தவளின் மூச்சாக இருந்தது இன்று நிதானமாக, வேலைக்கு வந்து உட்கார்ந்தவளின் மூச்சாக இருந்தது.

"போதும், போதும். உனக்கு ஆர்வம் ஜாஸ்தி. திங்கக்கிழமையிலருந்து வந்துடு," என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீரங்கன் எழுந்தார். பொண்ணுக்கு ஒரு காபி கொண்டுவா என்று உள்ளே குரல் கொடுத்தபடி நடந்தார்.

தாள் முடிந்து ரோலரிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் கைகள் வெறும் ரோலரில் அடித்துக்கொண்டே இருந்தன.